சலூன்காரரின் மீசை

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். முடி வெட்டிக்கொள்வது கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து சலூனில். சலூன்காரர் ஒல்லியான மனிதர். முகத்தில் பாதியை மீசையே பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்தும்போது அவர் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். சுவரில் மாட்டியிருந்த ஒரு பெயின்ட் படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவார். படத்தில் இருந்தவருக்கும் அதே மீசை.

"யாருங்க இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான்தான் சார். என் தம்பி வரைஞ்சான். போன வருசம் காமாலைல பூட்டான்."

படத்தை மறுபடி பார்த்தேன். "மீசையை அப்படியே புடிச்சிருக்காரு," என்றேன்.

"அப்போ எனக்கு ஏது சார் மீசை? வழவழன்னு ஷேவ் பண்ணிக்கினு இருந்தேன். அவனுக்கு மேலுதடு வரைய வராது. மீசையப் போட்டு மூடிட்டான். வர்றவன்லாம், 'இது இன்னா, உன் மாமனாரா?'ன்னு சிரிப்பானுங்க. அவன் உசுரோட இருக்கசொல்ல நானும் கூட சேர்ந்து சிரிச்சேன். செத்தப்புறம் மனசு கேக்கல. வளத்துட்டேன்."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"பொண்டாட்டி ஒரே பேஜாரு. எங்கம்மாதான் ஒண்ணும் சொல்லாது. அதையும் வரைஞ்சிருக்கான்."

"அவங்களுக்குமா மீசை?"

"மேலுதடுதான் வராதே சார். அந்தப் படத்த தலைமாட்டுல வச்சிக்கினுதான் எங்கம்மா தூங்குது."

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மீசைக்கு உள்ளே அவருடைய உதடு என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.