செல்வலட்சுமி சித்தியும் முதலாளி வீட்டு ஊசியும்

செல்வலட்சுமி சித்தி எங்கே போனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவார். கல்யாண மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். சித்தி கதவோரம் வேர்த்துக்கொண்டிருப்பார். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூட, வழியில் கிடக்கும் செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் தட்டை வாங்குவார். காற்றுக்காக அப்படிச் செய்கிறார் என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கிறவர். அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு, எதிரெதிராகக் கதவுகள், எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. ஏதாவது ஆகிவிட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். எழுவதற்கும் ஓடுவதற்கும் உடம்பு சொன்னபடி கேட்டால்தான் அந்த அறையில் இடம்.

சித்தியின் உடம்பு கேட்பதை நிறுத்தி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. எடை ஏறிவிட்டது. முழங்காலில் வலி. ஆனி மாதம் கம்பெனியில் எல்லோரையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். விசில் அடித்ததும் சித்தி அறையின் மற்ற மூவரும் வேலியருகே போய் நின்றுவிட்டார்கள். சித்தி சுவரைப் பிடித்து எழுந்து, நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி, ஆடி ஆடி வந்து சேர்ந்தார்.

போர்மேன் முத்துக்கருப்பன் நோட்டில் குறித்துக்கொண்டார். சாயங்காலம் வேன் ஏறும்போது சொன்னார்.

"யக்கா, தீவாளி சீசன் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உடம்பக் கொறைங்க. இல்லாட்டி லேபிள் செட்டுக்குத்தான் மாத்தணும்."

"லேபிள் ஒட்டுறதுக்கா நான் இம்புட்டு வருசம் உக்காந்தேன்?"

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போறீக. உசுரோட ஒட்டுவீகல்ல."

சித்திக்கு அந்த அறைதான் ஊர். கூட உட்காரும் அய்யம்மாளோடு சண்டை போட்டது, பிள்ளைகளுக்குப் பெண் பார்த்தது எல்லாம் அங்கே வைத்துத்தான். அந்த இடத்தை விடக் கூடாது என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். விடிகாலையில் ஆமத்தூர் ரோட்டில் நடந்து பார்த்தார். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஆடி மாதத்தில் முதலாளி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. இப்படி விசேஷம் வந்தால் நம்பிக்கையான பெண்கள் சிலரை வீட்டு வேலைக்கு அழைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது வெறும் கையோடு அனுப்பமாட்டார்கள். பலகாரம், ஒரு தடவை கட்டிய சேலை, புதிது வாங்கியதால் ஓரம்கட்டிய மிக்சி, ஏதாவது வரும். வாங்கிக்கொள்கிறவர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. கேட்டால் குறை சொன்னதுபோல ஆகிவிடும்.

முதலாளியம்மா சொர்ணலட்சுமி அந்த வருடம் பாதியாக இளைத்திருந்தார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவரும் கவனித்திருக்கிறார். தனியாகக் கூப்பிட்டு பிரிட்ஜைத் திறந்தார்.

"வாரம் ஒண்ணு, வயித்துல போட்டுக்கணும். பசியே எடுக்காது. எனக்கு டாக்டர் இப்ப வேற மாத்திட்டாரு. இது ரெண்டும் சும்மா கெடக்கு, தூரப் போட மனசு வரல. ஒண்ணு பிரிச்சது, அதுலயே இன்னும் இருக்கு. புது முனை மாட்டிக்கோ."

பேனா மாதிரி இருந்த அந்த இரண்டு ஊசிகளும் ஐஸ் கட்டியோடு ஒரு டிபன் பாக்ஸில் நாரணாபுரம் வந்து சேர்ந்தன. முதலாளியம்மா நல்ல மனதோடுதான் கொடுத்தார். சித்தி அதே மனதோடு வாங்கி, அவர் காட்டிய அளவிலேயே திருகி வைத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டார்.

பசி நின்றுவிட்டது. குமட்டல் வந்தது. சோற்று வாசனையே ஆகவில்லை. கம்பெனியில் கேட்டவர்களிடம், இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் என்று சொல்லிவிட்டார். ஆடி மாதமாதலால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் குடிப்பது ஏற்கெனவே குறைவு. குரோஸ் கணக்கில், நூற்று நாற்பத்து நான்கு சட்டிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்க அங்கே பெண்கள் தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். இப்போது அதுவும் இறங்கவில்லை.

இரண்டாவது தடவை ஊசி போட்ட வாரம், வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தபோது சித்திக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த அய்யம்மாள் முதலில் அவர் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தோளில் சாய்த்து வெளியே கூட்டிப்போய் வேப்ப மரத்தடியில் படுக்க வைத்தார்.

"ஏளா, உங்க மாரியம்மா மருந்து ரூம்லயா விரதம் இருக்கச் சொன்னா?"

"போர்மேன்கிட்டச் சொல்லிராத மதினி."

அய்யம்மாள் சொல்லவில்லை. அடுத்து வந்த நாட்களில் சித்தி அடைக்க முடியாமல் விட்டதையெல்லாம் தன் வேலைக்கு நடுவே அடைத்து, சித்தியின் தட்டிலேயே அடுக்கி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சித்தி வீட்டுக்குப் போனேன். சிவகாசியில் மருந்துக் கடை ஒன்றில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சித்தியின் கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவுக்குப் பக்கத்தில் செமாகுளுடைடு பேனா.

"சித்தி, இது யாருது?"

"எனக்குத்தான்."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"எழுதுறதுக்கு என்ன இருக்கு? முதலாளியம்மா குடுத்தாக."

எங்கள் கடையில் சீட்டோடு வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெயர் தெரியும், அது வேலை செய்யும் விதத்தைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் யாருக்கும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சித்திக்கு எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவையே திருப்பிக்கொண்டிருந்தேன்.

நாம் சாப்பிட்டதும் குடல் ஒரு சுரப்பை விடும், போதும் என்று மூளைக்குச் சொல்வது அதுதான் என்றேன். இந்த ஊசி அதைப் போலச் செய்யப்பட்டது. வயிற்றில் இருப்பது மெதுவாக இறங்கும், பசி அடங்கும். அதனால்தான் ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, உடம்பு பழகப் பழக மாதக் கணக்கில் ஏற்றுவார்கள். முதலாளியம்மா ஏறி முடித்த படியில் சித்தி முதல் நாளே காலை வைத்திருக்கிறார்.

"பிரிச்ச பேனாவையா போட்டீக?"

"முனைய மாத்தித்தான போட்டேன். அவுக சுத்தமானவுக."

"சுத்தத்துக்கு இல்ல சித்தி. முனைய மாத்துனாலும் அவுக ரத்தம் உள்ள கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஒருத்தர் பேனா ஒருத்தருக்குத்தான்."

சித்தி அதற்கு மசியவில்லை. "எளைக்குதுல்ல? அது போதும். தீவாளிக்குள்ள ஓடிக் காமிச்சிருவேன்."

"சாப்பிடாம எளைச்சா கொழுப்பு மட்டுமா போகும்? தொடைச் சதையும் சேந்துதான் போகும். ஓடுறது எதை வச்சு?"

சித்தி தன் தொடையைச் சேலையோடு அழுத்திப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, கண் இருட்டிய கதையைச் சொன்னார்.

"அய்யம்மா சட்டிய வாங்கலேன்னா அது எங்க விழுந்திருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை, ஆனால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டாக்டரம்மா ஊசியை நிறுத்தச் சொன்னார். சித்திக்கு அது கூடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கணையம், தைராய்டு பற்றியெல்லாம் விசாரித்து, தேவைப்பட்டால் பிறகு முதல் படியிலிருந்து பார்க்கலாம் என்றார். அதுவரை முட்டை, பயறு, தண்ணீர், முழங்காலுக்கான பயிற்சி. கடைசியாக என்ன வேலை என்று கேட்டார். சித்தி சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நடை நிதானத்துக்கு வர்ற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்கம்மா."

காலுக்கு வலி என்று மட்டும் சொல்லி ஒரு வாரம் லீவு எடுக்கலாம், யாருக்கும் தெரியாது என்று நான்தான் பஸ்ஸில் யோசனை சொன்னேன். பேனாக்களை எங்கள் கடையில் அழிக்கக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பேனாக்களைத் தந்தார். யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த ரூம்ல நான் மட்டுமா இருக்கேன்?" என்றார்.

மறுநாள் கம்பெனி கேட்டருகே வைத்து முத்துக்கருப்பனிடம் ஊசி, விரதம், மயக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அய்யம்மாளின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். நான் வண்டியை நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன்.

"இன்னைல இருந்தே லேபிள் செட்டு," என்றார் அவர்.

"தீவாளி வரைக்கும்னீகளே தம்பி?"

"அது குண்டா இருந்ததுக்கு. இது பொய் சொன்னதுக்கு." கேட்டைத் திறந்துவிட்டபடி, "சொவரப் பிடிக்காம எந்திரிச்சுக் காட்டுங்க யக்கா, அப்பறம் பாப்போம்," என்றார்.

சித்தி இப்போது லேபிள் ஒட்டுகிறார். முதலாளியம்மா கேட்டபோது "எனக்குச் சேரலம்மா" என்று மட்டும் சொன்னாராம். எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, மெதுவாக. நாற்காலியிலிருந்து சுவரைத் தொடாமல் எழுகிறார். தரையிலிருந்து இன்னும் முடியவில்லை. இதில் என் படிப்பின் பங்கு எவ்வளவு, அய்யம்மாள் வாங்கி வைத்த சட்டியின் பங்கு எவ்வளவு என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

அந்த அறைகளில் ஒரு முறை இருக்கிறது. ஒருத்தி முடியாமல் கிடக்கும்போது இன்னொருத்தி அடைத்துக் கொடுத்தால், அதைக் கை உழைப்பால்தான் திருப்ப வேண்டும். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். போன மாதம் சித்தி குழிப்பணியாரம் சுட்டு ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துக்கொண்டு அய்யம்மாள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அய்யம்மாள் தூக்கைத் திறந்து, ஒன்றைத் தின்று, எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏளா, இதுல கழிச்சிரலாம்னு பாக்காத. நான் அடைச்சத நீ வந்து அடைச்சுத்தான் தரணும்."

"வருவேன் மதினி."

"எப்ப?"

சித்தி தரையிலிருந்து சுவரைப் பிடித்து எழுந்தார். அந்தக் கடன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.