துளசிராம் தொலைத்த லிஸ்ட்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். வில்லாபுரத்தில் என் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது செல்வி. பழங்காநத்தத்தில் நான் முன்பு வேலை பார்த்த வெப்சைட் ஆபீஸில், ரத்தம் கொடுப்பவர்களின் லிஸ்டை இப்போது அந்தப் பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். "அண்ணே, பி நெகட்டிவ் ஒரு யூனிட் வேணும். இப்பவே கெளம்ப முடியுமா?" என்றாள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வருகிற அழைப்புதான். யாருக்கு என்று கேட்டேன். "துளசி அண்ணனுக்குத்தான்ணே. திருமங்கலம் ரோட்டுல லாரி இடிச்சிருச்சு."

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் சிக்னலில் நிற்கும்போதே இடது கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் துளசிராமின் அண்ணன் நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார். "வேணாம் தம்பி, முடிஞ்சிருச்சு" என்றார். சட்டையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.

துளசிராமைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத ஆள் நிறைய இருக்கிறீர்கள். என்னால் அதை மட்டும் எழுத முடியாது. அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, இருக்கிறது என்று திருத்தினேன். அவன் வீட்டுத் தெருவில் அன்று வண்டி நிறுத்த இடமில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று, பாடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நான் எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு மோசமான ஆள் நான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்ன கதைதான் என்னை எழுத வைத்தது. "ஒருதரம் மொத்த லிஸ்டையும் தொலைச்சுப்புட்டு, ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு உங்க பேரு என்னன்னு கேட்டாரு பாருங்க, அம்புட்டு வெள்ளந்தி" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். உங்களில் பலருக்கும் இந்தக் கதை தெரியும். துளசிராம் தொலைத்த லிஸ்ட் என்று ஆபீஸிலேயே அதற்குப் பெயர். அது தவறு. அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நானும் அவனும் ஒரே நாளில் அந்த ஆபீஸில் சேர்ந்தோம். ஒரே சம்பளம், ஒட்டிப் போட்ட இரண்டு மேசை. என் அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்து என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தவர். அவன் வீட்டில் சாயப்பட்டறை, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஆரம்பித்தது என்று சொல்லலாம். ஆனால் அதை அவன் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. எங்கள் எரிச்சலுக்கு ஒரு நியாயமாவது கிடைக்கட்டும் என்று சிலர் காட்டிக்கொள்வார்களே, அந்த உதவியைக்கூட அவன் செய்யவில்லை.

அவன் வீட்டில் சௌராஷ்டிர பாஷை. மதியம் அம்மா போன் பண்ணினால் அதில்தான் பேசுவான். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் என்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று மட்டும் நிச்சயமாகப் புரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"என்னடா சொன்ன அம்மாகிட்ட?"

"ராத்திரிக்கு ரசம் வேணாம்னு சொன்னேன் மாப்ள. ஏன், ஒனக்கு வேணுமா?"

அடுத்த நாள் நிஜமாகவே ஒரு தூக்கில் ரசம் கொண்டுவந்தான். நன்றாகவும் இருந்தது.

வருகிற வாடிக்கையாளர்கள் வாசலிலேயே "துளசி இல்லையா?" என்பார்கள். நான் இருக்கிறேன், சொல்லுங்கள் என்பேன். "பரவால்ல தம்பி, அவரு வந்தப்புறம் வாரேன்" என்று போய்விடுவார்கள். எனக்கு வேலை தெரியாது என்றில்லை. அவனைவிட வேகமாகவே செய்வேன். வேகமாகச் செய்தேன் என்பதைச் சொல்லவும் செய்வேன். அதுதான் வித்தியாசமோ என்னவோ.

ரத்தக் கொடை வெப்சைட் எங்கள் முதலாளி ஜெயராஜ் அண்ணன் இலவசமாக நடத்தியது. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ஊர், ரத்த வகை, போன் நம்பர். தமிழில் டைப் அடித்தால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிய ஆரம்பித்திருந்த காலம் அது. அதனால் பெயர்களைத் தமிழிலேயே ஏற்றினோம். வெளிநாட்டில் எங்கோ ஒரு சர்வரில் அது இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுக்கு முன்னால் துளசிராம் அதை இறக்கி ஒரு சிடியில் நகல் எடுப்பான். எடுத்ததோடு விடமாட்டான். அந்தச் சிடியை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, லிஸ்டை முழுசாக ஏற்றி, அங்கங்கே பத்துப் பேரைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சத்தமாகக் கூப்பிடுவான். "சமயநல்லூர் பாலமுருகன்" என்றால் ஆபீஸில் யாராவது ஒருவர் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். பத்துப் பேரும் வந்த பிறகுதான் சாப்பாடு. "எடுத்து வச்சிருக்கோங்கிறது பெருசில்ல மாப்ள. கூப்பிட்டா வருதான்னு பாக்கணும்" என்பான். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளேன் ஐயா போடுவார்கள். நான் மட்டும் போட்டதில்லை.

ஒருநாள் ஜெயராஜ் அண்ணன் ஆபீஸுக்கு வந்த யாரிடமோ இந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைப் பெருமையாகச் சொன்னார். அந்த வாரமே நான் உட்கார்ந்து, தினமும் மதியம் ஒரு மணிக்குத் தானாகவே நகல் எடுக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். யாரும் எதையும் தொட வேண்டாம். அது பாட்டுக்கு எடுக்கும், தேதி போட்டுக்கொள்ளும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துளசிராம் எடுத்ததில் பாதி அளவுகூட என் ஃபைல் இல்லை. அதையும் சொல்லிக் காட்டினேன்: "உன்னுது ஊதிப் போய்க் கெடக்கு. என்னுது பாரு, கச்சிதம்." அவன் கொஞ்ச நேரம் அந்த அளவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருதரம் திருப்பி ஏத்தி, கூப்பிட்டுப் பாப்போமே மாப்ள."

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒம்மேல இருக்கு. கம்ப்யூட்டர் மேலதான் இல்ல."

நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நேராக ஜெயராஜ் அண்ணனிடம் போய், தினமும் தானாகவே எடுக்கும்போது வெள்ளிக்கிழமை எதற்கு ஒரு மணி நேரம் வீண் என்று கேட்டேன். அவரும் சரி என்றார். வெள்ளிக்கிழமைச் சிடி நின்றது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அந்த மாதங்களில்தான் நானும் லிஸ்டில் சேர்ந்தேன். அவன் மேசையில் ரத்தம் கொடுத்ததற்கான ஐந்து சர்டிபிகேட் இருந்ததுதான் காரணம். சோதித்ததில் எனக்கும் அவனுக்கும் ஒரே வகை, பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை என்று நர்ஸ் சொன்னபோது பெருமையாக இருந்தது. அவனுக்கும் அதுவே என்று தெரிந்ததும் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் சர்வர் போயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதிவிட்டார்கள். "பேக்கப் இருக்குல்ல?" என்று கேட்டார் ஜெயராஜ் அண்ணன். தினமும் இருக்கிறது என்றேன். மொத்த ஆபீஸும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, லிஸ்டைத் திருப்பி ஏற்றினேன். ரத்த வகை வந்தது. போன் நம்பர் வந்தது. பெயரும் ஊரும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். என் புரோகிராமில் இது தமிழ் எழுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அது எல்லாவற்றையும் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு, தனக்குப் புரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ஃபைல் கச்சிதமாக இருந்தது அதனால்தான். எட்டு மாதமும், ஒருநாள் தவறாமல், கேள்விக்குறிகளைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஜெயராஜ் அண்ணனுக்கு முகம் சிவந்தது. "யாரு இத செக் பண்ணுனது?" என்றார். துளசிராம் என் பின்னாலிருந்து, "கூப்பிட்டுப் பாக்குறது என் வேலைண்ணே. நாந்தான் விட்டுட்டேன்" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் பொய். வாய் வந்தது. மூடிக்கொண்டேன். திட்டு முழுவதையும் அவன் வாங்கினான்.

பழைய சிடியில் முந்தைய பெயர்கள் இருந்தன. அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் பேரின் பெயர்கள்தான் போயின. "நம்பர் இருக்குல்ல மாப்ள, அது போதும்" என்று துளசிராம் ஆபீஸ் போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பதினோரு நாள் பேசினான். "வணக்கங்க, பழங்காநத்தத்துல இருந்து பேசுறேன். ஓ பாசிட்டிவ் நீங்கதானே? உங்க பேரு மட்டும் எங்ககிட்டருந்து விட்டுப்போச்சு." கல்லுப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், "பேரு தெரியாமயா ரத்தம் கேக்குறீக?" என்று சண்டைக்கு வந்தார். "ரத்தம் இப்ப வேணாம்மா, பேரு மட்டும் குடுங்க" என்றான். பத்து நிமிஷத்தில் அந்த அம்மாவின் மருமகளும் லிஸ்டில் சேர்ந்துவிட்டாள். பெயரோடு நிற்காமல், குறிப்பு என்று ஒரு கட்டம் புதிதாகப் போட்டு அதையும் நிரப்பினான். 'பால் கறந்த பிறகு கூப்பிடவும்.' 'ஊசி என்றால் பயம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்க வேண்டும்.' அந்தப் பதினோரு நாளில்தான் உங்களில் பலர் அவனுக்குச் சிநேகிதமானீர்கள். தொலைத்தது நான். பேர் வாங்கியது அவன். பக்கத்து மேசையில் புரோகிராமைத் திருத்துகிற சாக்கில் குனிந்துகொண்டு, அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

ஆறாம் நாள் மதியம் என் செல்போன் அடித்தது. எடுத்தேன். "வணக்கங்க. பி நெகட்டிவ் நீங்கதானே சார்? உங்க பேரு?" இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், முந்நூறு பேரிடம் கேட்ட அதே மரியாதையோடு கேட்டான். ஆபீஸே சிரித்தது. நான் போனைக் கட் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டான் என்று அப்போது நினைத்தேன். வாயைத் திற என்று கேட்டிருக்கிறான். அவன் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அங்கிருந்து விலகித் தனியாகக் கம்ப்யூட்டர் கடை போட்டேன். துளசிராம் அவ்வப்போது வருவான். டீ குடிப்பான். "பேக்கப் எடுக்குறியா? கூப்பிட்டுப் பாத்தியா?" என்பான். அதற்கு மேல் ஒரு தடவைகூட அவன் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட்டு, அதோடு விட்டிருப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள் பழங்காநத்தம் ஆபீஸுக்குப் போனேன். துளசிராமின் நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு லிஸ்டில் என்னை எப்படித் தேடி எடுத்தாள் என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பி நெகட்டிவ் என்று தேடினால், மதுரைக்குள் இரண்டே வரி. ஒன்று துளசிராம். இன்னொன்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துக் கேள்விக்குறிகள், அப்படியே. பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் அவன் டைப் அடித்திருந்தான்: 'பேர் கேட்டேன், சொல்லலை. ஆனா கூப்பிட்டா வருவான்.'

"நான் எத்தனையோ தடவ ஒங்க பேரப் போடப் போனேன்ணே. அவருதான் விடல. அவனே சொல்லட்டும்னு சொல்லிட்டாரு" என்றாள் செல்வி.

கூப்பிட்டாய், வந்தேன் என்று அவனிடம் சொல்ல முடியவில்லை. வந்தது அவனுக்கு உதவவும் இல்லை. கடைசியில் என்னைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவனும் அவன்தான் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். அவன் சர்டிபிகேட்டோ நாற்காலியோ எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் என் கடையில் வாடிக்கையாளர் லிஸ்டின் நகலைத் திருப்பி ஏற்றி, பத்துப் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிறேன். கடையில் நான் ஒருவன்தான். பதிலும் நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

செல்வியிடம் கேள்விக்குறிகள் இருந்த கட்டத்தில் போட வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன். அந்த லிஸ்டைத் தொலைத்தது துளசிராம் இல்லை. பக்கத்து மேசைக்காரன் தொலைத்தான். பேர் மாரிச்சாமி.

உள்ளேன் ஐயா.