சங்கு ஊதும்வரை சிரிக்கக் கூடாது

எங்கள் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புருஷன் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கும்போது, ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்வரை, வீட்டுப் பெண் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கீழே பாறை சரியுமாம். முட்டுக்கொடுத்த மரம் உளுத்தால் சரியாது, எங்கள் பல் தெரிந்தால் சரியும்! என் மாமியாருக்கு இதுதான் வேதம். தன் புருஷனையும் சுரங்கத்துக்கே பறிகொடுத்தவள். அவளிடம் யார் வாதாடுவது?

நான் வேலூர்ப் பக்கம் மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றவள். எழுதப் படிக்கத் தெரியாத என் வீட்டுக்காரர், எனக்கென்று ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் அட்டை கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். பழைய காலத்துச் சமஸ்தானம் ஒன்றில், அரண்மனை வாசலைத் தாண்டாமலே வளர்ந்த இளவரசனின் காதல் கதை. மாறுவேடத்தில் ஊர் சுற்றக் கிளம்பியவன் கடையில் பொரி வாங்குவான்; கடைக்காரி ஊட்டிவிடுவாள் என்று வாயைத் திறந்தபடி நிற்பான். அப்படியொரு அசடு. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பகலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு படிப்பேன். சாயங்காலம் அவர் சாப்பிடும்போது கதையைச் சொல்வேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

"இன்னாமே, அவன ஒரு நாளு சுரங்கத்து கேஜ் கூண்டுல ஏத்தி கீழ இறக்கினா தெரியும்!" என்பார்.

ஒருநாள் பகல். ஓடக்காரன் மகளிடம் வீரம் காட்டப்போன இளவரசன், கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே மூச்சு வாங்கத் துடுப்புப் போடுகிறான். அவளும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். மாமியார் ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

அன்றைக்கே சங்கு நேரந்தவறி ஊதியது. அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"இவ சிரிச்சா, எம்புள்ள பூட்டான்!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சுரங்கத்தைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம். அவர்கள் எல்லோரையும் நான் வெறுத்தேன்.

கருமாதியன்று, அவரோடு வேலை பார்த்தவர் அடிபட்ட கையில் கட்டோடு வந்தார். மாமியாரும் நானும் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணி, மரம் உளுத்துக் கீதுன்னு முந்தின நாளே மேஸ்திரிகிட்ட சொன்னோம். அவன் காதுல போட்டுக்கல. அன்னிக்கு அண்ணன் அந்த ராஜா புள்ள பொரி வாங்கின கதைய சொல்லினு இருந்தாரு. நாங்க வவுறு வலிக்க சிரிச்சினு இருந்தோம். அண்ணனும் சிரிச்சினேதான்..."

வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை நாளும் நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கியது. உளுத்த மரம். மேஸ்திரிக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் கடைசியாகச் சிரித்திருக்கிறார், அதுவும் என் கதைக்கு. இனி என்னை யார் என்ன சொல்ல முடியும்? மாமியாரை நிமிர்ந்து பார்த்தேன்.

அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கும் நீதானேடி சிரிக்கக் கத்துக்குடுத்தே?" என்றாள்.