கப்பல் துரைக்கு அரைப்பேர்

கடற்படைச் சிரிப்புப் படங்களை வெறும் கோமாளிக்கூத்து என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். வெறும் கூத்தென்றால் அதற்காக ஒரு தோட்டத்துத் துரை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை விசாரித்திருக்க மாட்டார். எனக்குக் கிடைக்கவிருந்த வேலையை மேசைமேல் வைத்துப் பேரம் பேசியிருக்கவும் மாட்டார். இப்போது குண்டசாலையில் என் வீட்டு டீவியில் அப்படிப் படம் ஏதாவது வந்தால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் கூட்டி வைத்துத்தான் பார்ப்பேன்.

அப்போது நாங்கள் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் இருந்தோம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டத்துக்கு மட்டும் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் கூட்டமாக மலையிறங்கிக் கண்டி டவுனுக்குப் படம் பார்க்கப் போவார்கள். மத்தியானக் காட்சியில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு மலையேறி வருவதற்குள் இருட்டிவிடும், அடுப்பு மூட்ட ஆளிருக்காது, புருஷன்மார் தாம்தூம் என்று குதிப்பார்கள். எங்களுக்குத் தோதுப்பட்டது காலைக் காட்சி ஒன்றுதான். அதில் போடுவது பழைய இங்கிலீஷ் படம். அந்தத் தியேட்டர்காரருக்கு எங்கிருந்து கிடைத்தனவோ, அதிலும் பாதி கடற்படைச் சிரிப்புப் படமாகவே இருக்கும்.

இங்கிலீஷ் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நான். டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள் எங்கள் லயத்தில் நான் ஒருத்திதான். கீழே மலிவு டிக்கெட் கலரியில், நீள மரவாங்கின் நடுவில் என்னை உட்கார வைப்பார்கள். திரையில் ஒருவன் வாயைத் திறந்தால் நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் பின்வாங்கில் இருப்பவர்கள் முதுகில் குத்துவார்கள். முதலில் மேலே பல்கனியில் இருக்கும் கனவான்கள் சிரிப்பார்கள், நான் சொல்லி முடித்ததும் கலரி சிரிக்கும். ஒரு பகிடிக்கு இரண்டு சிரிப்பு. எங்களுடையதுதான் பெரியது.

முதன்முதலில் அப்படியொரு படம் பார்த்தபோது பக்கத்திலிருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினாள். எங்கள் அடுத்த காம்பராக்காரி, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள், வாய்க்குப் பூட்டே இல்லாதவள்.

"ஏ புள்ள, இது நம்ம பெரிய தொர இல்ல?"

திரையில் நின்றது கப்பல் கப்டன். வெள்ளை அரைக்காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேசு, பளபளக்கும் சப்பாத்து, உலகமே தனக்குக் கீழ் என்ற பார்வை. அச்சு அசல் எங்கள் துரைதான்.

"தொரைக்குக் கப்பலும் இருக்கா?" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள்.

இல்லை, இது கடற்படை, இவர் வேறு ஆள் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாலுமிகள் கப்பல் தளத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவன் பெயர் கூப்பிட்டான். கப்டன் ஒவ்வொருவனையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒருவன் கொட்டாவியை விழுங்கினான். பல்கனியில் ஒருவரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கலரியோ கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தது. ஏனென்றால் அது பெரட்டு. விடியும்போது பெரட்டுக்களத்தில், முதுகில் கூடையோடு, பெயர் கூப்பிடும் வரை எங்கள் பெண்கள் நிற்கிற அதே நிற்பு. நான் விளக்கத்தை அத்தோடு விட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் தமிழில் கப்டன் பெரிய துரை, அவருக்குக் கீழே இருக்கிற இளவட்டம் சின்னத் துரை, மாலுமிகளை விரட்டுகிறவன் கங்காணி. படம் அப்படியே பொருந்தியது. ஒரு பொத்தானைக்கூட மாற்றித் தைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சிரிப்பில் இன்னொரு ருசியும் இருந்தது. டவுனில் பஸ்ஸில் இடம் கேட்டாலும் சரி, கந்தோரில் ஒரு முத்திரைக்குப் போய் நின்றாலும் சரி, எங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கள்ளத்தோணி, அதாவது இந்தியாவிலிருந்து திருட்டுப் படகேறி வந்தவர்கள். எங்கள் லயத்தில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கண்டி வாவிதான். பிரஜாவுரிமை இல்லாததால் கடற்படையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குக்கூட எங்களில் ஒருவர் போக முடியாது. கள்ளத்தோணி பிடிக்க வடக்குக் கரையில் காவல் கப்பல் சுற்றுவதாகப் பத்திரிகையில் போடுவார்கள். அப்படி எங்களைத் துரத்துகிற சீருடை, திரையில் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு வழுக்கி விழும்போது சிரிக்காமல் இருக்க நாங்கள் என்ன மரக்கட்டைகளா?

இந்தப் படங்களில் எனக்குப் பிடிக்காதது அவற்றின் முடிவுதான். முக்கால்வாசிப் படம் வரை கப்டனை நாறடிப்பார்கள். கடைசியில் அவருக்கும் நல்ல மனசு இருப்பது தெரியவரும், எல்லோரும் சல்யூட் அடிப்பார்கள், கொடி பறக்கும். சிரித்த சிரிப்பையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். அந்த இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். என்ன சொல்றான், என்ன சொல்றான் என்று குடைவார்கள். "ஒண்ணுமில்ல, எழும்புங்க, போவோம்" என்பேன்.

அந்த வருஷம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் எனக்கென்று பேச்சாகிவிட்டது. ஆளை நியமிப்பது துரை, சிபாரிசு செய்தவர் பெரிய கிளாக்கர். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர், என்மேல் ஒரு கரிசனம் இருந்தது. அந்த வேலை கிடைத்தால் எங்கள் லயத்தில் கொழுந்து பறிக்கப் போகாத முதல் பெண் நான். அம்மா இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் சொன்னாள், கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தும் சொன்னாள். "எம் மக முதுகுல கூட ஏறாது." மலையில் நனைந்து நனைந்து வளைந்து போன முதுகு அம்மாவுடையது. 

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படம் வந்தது. அதில் கப்டன் கரைக்குப் போய்க் கூத்தடித்துவிட்டு, திரும்பும்போது பலகையிலிருந்து தவறித் தண்ணீரில் விழுவார். சொட்டச் சொட்ட நனைந்து, தொப்பியில்லாமல் மேலே ஏறி வரும்போது மாலுமிகள் எல்லோரும் ஏற்கெனவே வரிசையில் நிற்பார்கள். கங்காணி மாலுமி ஏதோ மரியாதையாகச் சொன்னான். அதை யார் கேட்டார்கள்? நான் சொன்னேன்:

"தொர பெரட்டுக்கு லேட்டு. தொரைக்கு இன்னைக்கு அரைப்பேரு!"

தோட்டத்தில் அரைப்பேர் என்றால் எல்லோருக்கும் வயிறு எரியும். பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும், கொழுந்து எடை குறைந்தாலும், நாள் முழுக்க மழையில் நின்றிருந்தாலும் பாதி நாள் கூலிதான் விழும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தவளுக்கும் அதுதான். அன்றைக்குக் கலரியில் பெண்கள் சிரித்த சிரிப்பை நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. அடுத்த காம்பரா அக்கா கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தியேட்டரோடு நின்றிருந்தால் வம்பில்லை. மறுநாள் மலையில் சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் நேரம் கழித்து வந்து இறங்கினார். தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"சின்னத் தொரைக்கு அரைப்பேரு!"

அதை அடுத்த நிரை வாங்கிச் சொன்னது, அப்புறம் மலை முழுக்கச் சொன்னது. சின்னத் துரைக்கு முதலில் விளங்கவில்லை. கங்காணியைக் கேட்டார். கங்காணி காது கேட்காதவர் மாதிரி நின்றார். கணக்கப்பிள்ளை விளக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டார். எங்கிருந்து வந்தது, யார் கிளப்பியது என்று நூல் பிடித்துக்கொண்டே போய், அது என்னிடம் வந்து நின்றது.

பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளை, துரை சரியான கோவத்தில இருக்கிறார். நான் கதைச்சு ஒரு மாதிரி அடக்கியிருக்கிறன். நாளைக்குப் போய், தெரியாமச் சொல்லிப்போட்டன், சொரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். வேலை உமக்குத்தான்."

"தெரிஞ்சுதானே சொன்னேன், ஐயா."

"விசர்க் கதை கதைக்காதையும். நான் எத்தினை தரம் சொரி சொல்லியிருப்பன் எண்டு நினைக்கிறீர்? சொல்லி நான் ஒண்டும் தேஞ்சு போகேல்லை."

நான் அவரைப் பார்த்தேன். துரையின் கார் சத்தம் கேட்டால் கதிரையை விட்டுத் தானாக எழுந்துவிடுகிற மனிதர் அவர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அவரைப் போல ஆகிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

வீட்டில் அம்மா அழுதாள். படங்களின் கதையை நான்தான் அவளுக்கு ஞாயிறுதோறும் சொல்வேன். அதையே எடுத்து என்மேல் வீசினாள்.

"அந்தக் கப்பக்காரனுங்க சொரி சொரின்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள சிரிக்கிறானுங்கன்னு நீதானே சொன்ன? நீயும் அப்புடியே சொல்லிட்டு வா. மனசுல நெனைக்கிறத யாரு பாக்கப் போறா?"

நியாயமான பேச்சுத்தான். இரவெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அந்த மாலுமி அப்படிச் சொல்லலாம். சொன்ன பிறகும் அவன் அந்தக் கப்பல்காரன்தான், அந்த நாட்டுக்காரன்தான், அடுத்த காட்சியில் மறுபடியும் கப்டன் காலில் வாளியை வைப்பான். எங்களைப் பார்த்தோ, நீங்கள் இந்த நாடே இல்லை என்கிறார்கள். இங்கே இருப்பதற்கே தினமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் எங்கள் ஆட்கள் நடந்தார்கள், நின்றார்கள், ஓரமாக ஒதுங்கினார்கள். சிரித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நான் போய்ப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

மறுநாள் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம் ஒப்பீசுக்குப் போனேன். அம்மா மலையிலிருந்து அப்படியே வந்து, இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கோடு வாசலில் நின்றாள். துரையைக் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பிரசவத்தில் கஷ்டப்பட்ட ஒருத்திக்குத் தன் காரைக் கொடுத்தவர். மலையில் பழகிய தமிழில் அவர் கேட்டார்:

"அந்தப் படம் நானும் பாத்தது. நல்லா சிரிச்சது. நீ என்னா சொன்னது?"

நான் சொன்னதை, சொன்ன மாதிரியே, அதே குரலில் சொன்னேன். பெரிய கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது கப்பல். இது தோட்டம். சொரி சொல்லு, போ. ஸ்கூல் உனக்கு."

"நீங்க சிரிச்சா அது படம். நாங்க சிரிச்சா குத்தமா, தொர?"

  துரை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு இங்கிலீஷில், "அப்படியானால் வேலை இல்லை" என்றார். நானும் இங்கிலீஷிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.  

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னியா?"

"இல்லம்மா."

திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.  அவள் முகம் மட்டும் ஒருமுறை கோணியது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைத் தாண்டி ஒப்பீஸ் படியில் ஏறினாள். தொழிலாளிகள் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவது வழக்கம். அம்மா சேற்றுக் காலோடு உள்ளே போய்த் துரையின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எம் மகளுக்கு நாளையிலேர்ந்து பெரட்டுல பேரு போடுங்க. ஒரு கூடையும் குடுங்க."

துரை பேனாவைக் கீழே வைத்தார். பெரிய கிளாக்கர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, "ஸ்டோரில பழசு கிடக்குது, போற வழியில எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார்.

"பழசு வேணாம், ஐயா," என்றாள் அம்மா. "புதுசா குடுங்க. எம் மக படிச்ச புள்ள."

புதுக் கூடைதான் கொடுத்தார்கள்.