அழகிரிசாமியின் ஏழு ராக ஹாரன்

இடைசெவல் பக்கத்தில் அழகிரிசாமியின் டிராக்டரைப் பார்க்காதவர்கள் கிடையாது. அது உழுது பார்த்தவர்கள்தான் குறைவு. வாங்கின நாளிலிருந்து அதற்குக் குடை வந்தது, குஞ்சம் வந்தது, மினுக்கு விளக்கு வந்தது, கல்யாண மண்டபத்துக்கே போதுமான ஸ்பீக்கர் வந்தது. கலப்பைக்குப் புதுக் கொழு மட்டும் வந்தபாடில்லை.

"இங்கிலீஷ்ல இதைத்தான் 'பெல்ஸ் அண்ட் விசில்ஸ்'னு சொல்லுவாவப்பா" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள் ப்ரியதர்ஷினி. "அது இல்லாட்டாலும் வேலை நடக்கும். ஆனா பாக்குதவிய வாயைப் பொளப்பாவ."

மனுஷன் காதில் பின்பாதி மட்டும்தான் ஏறியது. "நம்ம வண்டி ஃபுல் பெல்ஸ் அண்ட் விசில்ஸ்லா!" என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டார். வண்டியின் நெற்றியிலும் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் விசில் இல்லாதது ஒரு குறையாகத் தோன்றியது. ஏழு ராகம் பாடும் ஹாரன் மாட்ட கோவில்பட்டி பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கரிசல் மண் யாருக்காகவும் காத்திருக்காது. ஈரத்தில் இறங்கினால் டயரைக் கவ்வும், காய்ந்துவிட்டால் கொழு இறங்காது. நடுவில் வரும் பதத்தில் விதைத்தால்தான் உளுந்து. விட்டால் அந்த வருஷம் நிலம் வெறுங்காடு.

மனைவி ராமலட்சுமி போன் போட்டாள். "பதம் வந்துட்டு. வண்டியக் கொண்டாங்க."

"ஒரு ராகம்தான் பாக்கி. இந்தா வந்துருதேன்."

மறுநாளும் அந்த ராகம் பாக்கியாகவே இருந்தது. ராமலட்சுமிக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே போய், ஊரில் இன்னொரு டிராக்டர் வைத்திருந்த கிருஷ்ணராஜைக் கூட்டிவந்தாள். அவர் டிராக்டருக்குக் குடை கிடையாது, பெயிண்ட் கிடையாது, சீட்டில் ஒரு சாக்கு. ஆனால் கொழு மின்னியது.

ஊரே திரும்பிப் பார்க்க, ஏழு ராகத்தையும் முழக்கிக்கொண்டு அழகிரிசாமி காட்டுக்கு வந்து சேர்ந்தபோது கடைசி உழவுச் சால் ஓடிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் பின்னால் விதை போட்டு வந்தார்கள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார், வண்டியிலிருந்து இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல்.

ராமலட்சுமி நிமிரக்கூட இல்லை. "ஓரமா நின்னு பாட்டுப் போடுங்க. வேலை செய்யுதவிய கேக்கட்டும்."

அவரும் ஓரமாக நிறுத்திப் பாட்டைப் போட்டார். மகள் சொன்னதில் காதில் ஏறாமல் போன முன்பாதி அப்போதுதான் ஏறியது.