வாயு இல்லை, வால்வு

சிவனடியார்களே, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கோபத்தோடேயே சொல்கிறேன், கேளுங்கள்.

போன ஆடியில் என் மகள் கலைச்செல்விக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கல்லூரியில் படிக்கிற பெண், வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் நாலு எட்டு நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திண்டிவனத்தில் டாக்டரிடம் அவளை அழைத்துப்போன என் வீட்டுக்காரர், "வாயுவாம்" என்று வந்து நின்றார். அன்றிலிருந்து பூண்டு, ஓமத்தண்ணீர், பெருங்காயம். பெண் துரும்பாக இளைத்தாள். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றால் மனிதருக்கு வருமே ஆத்திரம்!

"டாக்டரே வாயுன்னு சொல்லிட்டாரு. நீ ஏன் சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்க?"

ஐப்பசிப் பிரதோஷத்துக்குப் பனமலை ஈசன் கோயிலுக்குப் போனோம். பாதிப் படியில் அவள் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்தது. கோயிலைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ வெறுங் கல்லுதானா? எத்தினி பிரதோஷம் பட்டினி கிடந்தேன்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்யா!"

மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து மகளின் நாடியைப் பிடித்தார். விழுப்புரத்தில் டாக்டராம். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். என்ன வியாதி என்றார்.

"வாயுங்க. திண்டிவனத்துல சொன்னாங்க."

"வாயு இல்லம்மா, வால்வுன்னு சொல்லியிருப்பாங்க. இதயத்து வால்வு!"

ஈசனிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ஒரே வார்த்தைதான் வந்தது. என் வீட்டுக்காரர் காதில்தான் வால்வு வாயுவாக விழுந்திருந்தது.

ஸ்கேன் எடுத்து அந்த அம்மாவே விளக்கினார். இதயத்தின் இடப்பக்கம், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. அதற்கு இரண்டே இதழ்கள். முன்னிதழ் நெட்டை, பின்னிதழ் குட்டை. இதழ்களின் ஓரத்தைக் கீழறைத் தசையோடு மெல்லிய நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. மகளுக்கு அதில் ஒரு நார் அறுந்து, இதழ் மேலே புரண்டு, கீழிறங்கிய இரத்தம் நுரையீரல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கிணற்று மோட்டாரில், குழாய் அடியிலிருக்கும் ஃபுட் வால்வு ஒழுகினாலும் இதே கதைதான், ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். அதற்கு ஜல்தியாக மெக்கானிக்கைக் கூப்பிடுகிற மனிதர், பெற்ற பெண்ணுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்!

அறுவை சிகிச்சை செய்து இதழைச் சரிசெய்தார்கள். பங்குனியில் மகள் தானாகவே மலையேறினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். சந்நிதியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

"சாமியத் திட்டினதுக்கு மன்னிப்பு கேளு" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்க மாட்டேன். திட்டினதாலதான் வாயத் தொறந்தாரு."

உங்களுக்கும் துன்பம் வந்தால் அவரிடம் உரிமையோடு போய்க் கத்துங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் டாக்டர் சொன்னது சரியாக விழவில்லை என்றால் வெட்கப்படாமல் இன்னொரு தரம் கேளுங்கள். சொல்வது ஈசனே ஆனாலும், கேட்கிற காது நம்முடையது.