கதவு பிளாக் அணைந்தபோது

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அங்கே இருந்தேன். பார்த்தேன். கதை கட்டும் மனநிலை எனக்கு இப்போது இல்லை.

என் பெயர் ராபர்ட். செஞ்சியில், ரைஸ் மில்களுக்கும் பம்ப் செட்டுகளுக்கும் கம்ப்யூட்டர் கண்ட்ரோல் அமைத்துத் தரும் சின்ன கம்பெனியில் வேலை. என் மனைவி அமலா திண்டிவனம் ரோட்டில் ஒரு மில்லில் நெல்லின் ஈரம் பார்த்துச் சொல்பவள். நெல் காயவைக்கும் டிரையரின் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து ஒரு கை நெல் அள்ளி வர வேண்டும். உள்ளே நெல்லைத் தள்ளும் இரும்புத் திருகு சுழன்றுகொண்டிருக்கும். கதவு திறந்தால் அது தானாக நிற்க வேண்டும்.

அன்று நிற்கவில்லை. முதலில் கை போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளும் போனாள்.

திருகு நிற்பதற்கு முன்பே கையை விட்டுவிட்டாள், அஜாக்கிரதை என்றார்கள் மில்லில். அவள் அம்மா அருளம்மாள் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "எம்பொண்ணு அப்படியா மாப்ள? அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு தபா பாக்கறவளாச்சே."

அந்தப் பழியைத் துடைக்க வேண்டும். எனக்கு மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் புரோகிராமை எழுதுவதில்லை. வரைகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு கட்டம், அதுதான் பிளாக். பிளாக்குக்குப் பிளாக் ஒரு கோடு இழுப்போம். முழுப் படத்துக்குப் பெயர் மாடல். வேண்டாத பிளாக்கை அழிக்காமலே அணைத்து வைக்கலாம். பச்சையாக இருப்பது சாம்பல் நிறமாகிவிடும். அணைப்பதில் ஒரு வகைக்கு 'த்ரூ' என்று பெயர். பிளாக் தூங்கும், ஆனால் வழி திறந்தே இருக்கும். ஒரு பக்கம் வந்த உத்தரவு கேள்வி இல்லாமல் மறுபக்கம் போகும்.

கதவு பிளாக்கை த்ரூ போட்டால், கதவு திறந்திருந்தாலும் திருகு ஓடும்.

அமலாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், எங்கள் கம்பெனி சீனியர், குரு என்பவர், என்னைக் கூப்பிட்டார். அந்த மில்லின் மாடலை வரைந்தவர் அவர்தான். விபத்துக்குப் பிறகு மில் மூடியே கிடந்தது. கதவில் புது சென்சார் மாட்ட வேண்டும். நான் மேலே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போனோம். ஐப்பசி மழை. ராஜகிரிக் கோட்டை மலை தெரியவே இல்லை. ஆறரைக்கே நன்றாக இருட்டிவிட்டது.

குரு கீழே டிரையர் பள்ளத்தில் இறங்கினார். கண்ணாடி வழியே அவர் தலையில் கட்டிய லைட் மட்டும் தெரிந்தது. போனில் பேசிக்கொண்டோம்.

"ஃபியூஸ புடுங்கிடறேன், அப்பறம் கைய உடுண்ணே," என்றேன்.

"கதவு தொறந்திருந்தா எப்பட்றா ஓடும்? நம்ம வரைஞ்சத நாமளே நம்பலன்னா எப்படி?" சிரித்தார். "இன்னா, பேய் மாதிரி உக்காந்துனு கீற? எதனா பேசு."

திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை.

ஏழு பத்து. நெல் கொட்டும் சத்தம் கேட்டது. சலசலவென்று... மெதுவாக. டிரையர் ஒரு மாதமாகக் காலி.

"சத்தம் கேக்குதாண்ணே?"

"மழைடா."

மீண்டும் திரையைப் பார்த்தேன். கதவு பிளாக் சாம்பலாக இருந்தது.

நான் மவுஸைத் தொடவில்லை. பிளாக்கை மீண்டும் எழுப்பினேன். பச்சை. கையை எடுத்தேன். சாம்பல்.

"அண்ணே, கதவு பிளாக் தானா த்ரூ போவுது. கைய எடுங்க."

"சும்மா நோண்டாத. ரெண்டு ஸ்க்ரூதான்."

அப்போதுதான் கவனித்தேன். திரையில் இருந்தது இன்றைய மாடல் இல்லை. பாய்லர் பகுதியை நாங்கள் போன வாரம்தான் நீக்கினோம். அது திரும்ப வந்திருந்தது. இது பழைய மாடல். அமலா இறந்த நாளின் மாடல்.

அன்று அதைத் திறக்கும் பாஸ்வேர்டு ஒருவரிடம்தான் இருந்தது. நான் அன்று பனமலையில் ஒரு பம்ப் வேலையில் இருந்தேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் காட்டிய படத்தில் எல்லாம் பச்சை. அதைக் காட்டியவரும் குருதான்.

ஃபியூஸ் பெட்டி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"குருண்ணே... அன்னிக்கு கதவ த்ரூ போட்டது யாரு?"

கீழே அவர் தலை லைட் சட்டென்று என் பக்கம் திரும்பியது.

"எவன் சொன்னான் உனக்கு? யாரும் போடல."

சைரன் பிளாக் சாம்பலானது.

"யாருண்ணே?"

"உன் பொண்டாட்டி அவசரப்பட்டா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

எமர்ஜென்சி ஸ்டாப் பிளாக். சாம்பல்.

"ராபர்ட்டு... கதவு என் கையப் புடிக்குதுடா. வந்து தூக்கு."

ஒவ்வொன்றாக அணைந்தது. பாய்லர். விசிறி. லைட். கண்ட்ரோல் ரூம் இருண்டது. திரை மட்டும் இருந்தது.

திரையில் ஒன்றுதான் பச்சை.

மோட்டார்.

"யாரு?"

"நான்தாண்டா!" குரல் உடைந்தது. "சீசன்டா. கதவு லூசு. திருகு சும்மா சும்மா நின்னுது. ஓனர் கத்துனாரு. ரெண்டு நாள்னு நெனச்சி த்ரூ போட்டேன். அவ மேல தப்பு இல்ல. ஒரு தப்பும் இல்ல..."

உடனே எல்லாம் பச்சையானது. கதவு. சைரன். ஸ்டாப். அத்தனையும்.

லைட் வந்தது.

நெல் சத்தம் நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். கதவு திறந்திருக்கிறது, பிளாக் விழித்திருக்கிறது. திருகு ஓட வழியே இல்லை.

கர்...

ரக்...

கர்... ரக்...

மோட்டார் ரீங்காரம் கேட்கவில்லை. இரும்பு மட்டும். மெதுவாக. நின்று... நின்று...

திரையில் எல்லாம் பச்சை.

குரு கத்தினார்.

ஃபியூஸைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

கர்... ரக்...

அது நிற்கவில்லை.

குரு பிழைத்துக்கொண்டார். வலது கை தோளோடு போய்விட்டது. என் போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும். அவர் பேசியதைப் போலீஸ் கேட்டது. அமலா மேல் தப்பு இல்லை என்று மில்லே எழுதிக் கொடுத்தது. அதை அருளம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் பேருந்து நிலையத்தில் மில் எலக்ட்ரீஷியன் அரிகிருஷ்ணனைப் பார்த்தேன். கதவு பிளாக் வேலை செய்தும் மோட்டார் எப்படி ஓடியது என்று கேட்டேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்தான்.

"எந்த மோட்டாருண்ணே? மில்லு மூடித்தான கீதுன்னு நீங்க வந்த அன்னிக்கு காலைலயே கழட்டி காயில் கட்ற கடைக்கு அனுப்பிட்டோம். இன்னும் வரல."

பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். டிரையரின் மறுகோடி, சுவருக்கு அந்தப் பக்கம். காலி ஸ்டாண்ட். நாலு போல்ட் ஓட்டை. திருகின் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அரிகிருஷ்ணன் அதைத் தொடாமல் தள்ளியே நின்றான்.

"இத யாராவது கையால புடிச்சி சுத்துனாத்தான் சுத்தும்ணே."